1541 டிரைவிலிருந்து பிசிக்கு: பூஞ்சை பிடித்த கமடோர் ஃபிளாப்பிகளைக் காப்பாற்றும் வேலை

1980-களின் வீட்டுக் கணினியான கமடோர் 64-இன் ஃபிளாப்பியில் இருப்பதை பிசிக்கு மாற்ற கமடோர் 64 கணினியே தேவையில்லை. அதன் ஃபிளாப்பி டிரைவான 1541 ஒன்று நல்ல நிலையில் இருந்தால் போதும். அந்த டிரைவுக்குள் தனியாக ஒரு 6502 பிராசசரும் 2 கேபி ராமும் 16 கேபி ரோமும் இருக்கின்றன. எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று தேடுவது, படிக்கும் தலையை நகர்த்துவது, பிழை சரிபார்ப்பது எல்லாம் டிரைவ் தானே செய்துகொள்ளும் வேலை. கணினி சீரியல் கேபிள் வழியாகக் கேட்கும், டிரைவ் கொடுக்கும். கேட்கிற இடத்தில் பிசியை உட்கார வைத்துவிடலாம்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. கராஜ் அலமாரியிலிருந்து பழைய பெட்டி இறங்கியதும் யாருக்கும் வரும் ஆசை, கணினியை டிவியில் மாட்டி ஆன் செய்து பார்ப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். கமடோர் 64-உடன் வந்த கனமான பவர் சப்ளை 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் தரும். வயதானபின் அதிலுள்ள 5 வோல்ட் ரெகுலேட்டர் பழுதானால் வோல்டேஜ் குறையாது, ஏறும். ஏறினால் முதலில் போவது ராம் சிப்புகள். பல மாதிரிகளில் உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் திறந்து சரிசெய்யவும் முடியாது. ஃபிளாப்பிக்காக அந்தப் பெட்டியைத் தொடவே வேண்டியதில்லை.

இரண்டாவது விஷயம், இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றியதுதான்: முதலில் முழு ஃபிளாப்பியின் படிமத்தை, அதாவது எல்லாப் பைட்டையும் அப்படியே கொண்ட ஒரே நகல் கோப்பை, எடுக்க வேண்டும். கோப்புகளைத் திறந்து பார்ப்பது அதற்குப் பிறகு. நலிந்த ஃபிளாப்பி எத்தனை முறை சுற்றத் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைப் பட்டியல் பார்க்கவும், ஒரு கோப்பைத் திறக்கவும், இன்னொன்றைத் தேடவும் செலவழித்தால் படிமம் எடுக்கும் நேரத்தில் காந்தப் பூச்சு உரிந்திருக்கும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தானாலும் ஃபீனிக்ஸானாலும் மெரிபேங்கானாலும், இப்படிப்பட்ட பெட்டிகளில் வெறும் விளையாட்டுகள் மட்டும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கோயில் கமிட்டியின் அங்கத்தினர் பட்டியல், தமிழ்ப் பள்ளியின் மதிப்பெண் ஏடு, ரோமன் எழுத்தில் தட்டிய தேவாரம், குடும்ப மரம் என்று எதுவும் இருக்கலாம். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு; கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் எல்லாம் அந்த எண்ணுக்கு எதிரேதான் இருக்கும். குடும்ப வரலாறு திரட்டியவர் அந்த எண்ணை ஃபிளாப்பியில் தட்டி வைத்திருந்தால், ஒரு இலக்கம் மாறினாலும் அது வேறொருவரின் பாட்டியைப் போய்ச் சேரும். அதனால் "பெரும்பாலும் சரியாக வந்துவிட்டது" என்பது இந்த வேலையில் போதாது.

தேவையானவை

டிரைவ்: 1541, 1541-2 அல்லது 1571. பின்பக்க லேபிளில் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த டிரைவாக இருந்தால் 120 வோல்ட் என்றிருக்கும். நம் 230 வோல்ட்டில் நேராக மாட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். 1541-க்கு வருவது கெட்டில் கார்டு போன்ற சாதாரண கேபிள். கூட வந்த பழைய கேபிளின் ரப்பர் வெடித்திருந்தால் எறிந்துவிட்டு, நம் மூன்று உருண்டை முள் பிளக் கொண்ட புதிய கேபிளைப் போடுங்கள். 1541-2-க்கு வெளியே தனி பவர் சப்ளை. அதன் 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டையும் மல்டிமீட்டரில் பார்க்காமல் டிரைவில் மாட்ட வேண்டாம்.

இணைப்புப் பலகை: ஜூம்ஃபிளாப்பி என்ற யூஎஸ்பி பலகை இதற்கென்றே செய்யப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்பதால், கையால் செய்ய விரும்புகிறவர்கள் ஏடிமெகா 32யூ4 சிப் உள்ள புரோ மைக்ரோ பலகையில் எக்ஸ்யூஎம்1541 ஃபர்ம்வேரை (பலகைக்குள் ஓடும் நிரலை) ஏற்றிக்கொள்ளலாம். ஃபர்ம்வேரில் பலகைக்குப் பலகை தனிக் கோப்பு உண்டு. தவறான கோப்பை ஏற்றினால் பிசி பலகையைக் கண்டுபிடிக்கும், ஆனால் டிரைவ் வாய் திறக்காது. கேபிளின் 6 முள் டின் பிளக்கில் 2 கிரவுண்ட், 3 ஏடிஎன், 4 கிளாக், 5 டேட்டா, 6 ரீசெட்; 1 இந்த வேலைக்கு வேண்டாம். நடுவில் சிக்னலைத் தள்ளிக்கொடுக்கும் 7406 சிப் இல்லாமல் நேராக இணைத்தால் ஒரே ஒரு டிரைவ் மட்டும் மாட்டுங்கள்.

பிசியின் பழைய பிரின்டர் போர்ட்டில் மாட்டும் எக்ஸ்ஏ1541, எக்ஸ்எம்1541 கேபிள்கள் யாரிடமாவது இருந்தால் அதுவும் ஒரு வழி. ஆனால் மதர்போர்டிலேயே உண்மையான பேரலல் போர்ட் இருக்க வேண்டும். யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் பிரின்டருக்கு மட்டுமே உதவும். இதற்கு உதவாது, வாங்கி ஏமாறாதீர்கள்.

மற்றவை: 99% ஐசோபுரொப்பில் ஆல்கஹால், பஞ்சுக்குச்சி, நூல் உதிராத துணி, கையுறை, நல்ல முகக்கவசம், காய்ச்சி வடித்த நீர், ஒளி ஊடுருவாத ஒட்டுப்பட்டை, உள்ளே ஒன்றுமில்லாத உதவாக்கரை ஃபிளாப்பிகள் நாலைந்து. மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் எண்ணெய் முதலான சேர்க்கைகள் இருக்கலாம். சாயம் போட்ட மெத்திலேட்டட் ஸ்பிரிட்டும் வேண்டாம், தலையில் படலம் விடும்.

மின்வெட்டு அட்டவணை நடப்பில் இருக்கும் நாட்களில் ஒரு சிறிய யூபிஎஸ் அவசியம். மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், டிரைவ் நின்றுவிடும். படிமம் பாதியில் அறுபடுவது சின்ன நஷ்டம். ஃபிளாப்பி உள்ளே இருக்கும்போதே மின்சாரம் போய் வருவதுதான் பெரிய ஆபத்து: ஆன், ஆஃப் ஆகும் கணத்தில் தலையில் பாயும் மின்னோட்டம் அந்த இடத்து டேட்டாவைக் கெடுக்கக்கூடும். ஃபிளாப்பியை உள்ளே வைத்தபடி டிரைவை ஆன் ஆஃப் செய்வது எந்த நாளிலும் கூடாது. யூபிஎஸ் இல்லையென்றால் வெட்டு நேரத்துக்கு அரை மணிக்கு முன்பே எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

ஃபிளாப்பியைச் சுற்றவிடும் முன்

டர்பன் கடற்கரை ஈரத்தில் ஃபிளாப்பிக்கு வரும் முதல் நோய் பூஞ்சை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான புழுக்கத்தில் மூடிய அட்டைப் பெட்டிக்குள் அது நன்றாக வளரும். பெட்டியைக் காய்ந்த அறைக்குக் கொண்டுவந்து, சிலிக்கா ஜெல் பைகளோடு ஒரு நாளாவது விட்டுவிடுங்கள். பிறகு கையுறையோடு ஒவ்வொன்றாக எடுத்து, நடு வளையத்தை விரலால் மெல்லச் சுற்றி, நீள்வட்டத் துளை வழியாகப் பரப்பைப் பாருங்கள். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் நன்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். 1541-இன் தலை கீழே இருந்து மேல்நோக்கிப் பார்ப்பது, லேபிள் மேலே இருக்க டேட்டா அடிப்பக்கத்தில் இருக்கும். லேபிள் பக்கம் பளபளவென்று இருப்பதைக் கண்டு நம்பிவிடக் கூடாது.

வெள்ளையாகவோ சாம்பலாகவோ பூப்பூவாகத் தெரிந்தால் பூஞ்சை. சுத்தம் செய்தால் பெரும்பாலும் டேட்டா கிடைக்கும். ஒளியை மறுபக்கம் பிடிக்கும்போது ஊடுருவித் தெரியும் வளையம் இருந்தால் அங்கே காந்தப் பூச்சே போய்விட்டது. அந்த இடத்தை எந்தக் கருவியும் மீட்காது. மற்ற இடங்களையாவது எடுக்கலாம்.

பூஞ்சை சிறிதாக இருந்தால் துளை வழியாகவே ஆல்கஹால் நனைத்த துணியால் நடுவிலிருந்து வெளிநோக்கி மெல்லத் துடைக்கலாம். முதலில் நடு வளையத்தை ஒட்டிய, டேட்டா இல்லாத ஓரத்தில் ஒரு தொடு தொட்டுப் பாருங்கள். துணியில் பழுப்பு ஏறினால் உடனே நிறுத்துங்கள். அந்த ஃபிளாப்பியின் பூச்சுக்கு ஆல்கஹால் ஆகாது.

பூஞ்சை பரவியிருந்தால் உறையோடு சுத்தம் செய்ய முடியாது. உள்ளே உள்ள துணிப் படலத்தில் பூஞ்சை தங்கியிருக்கும், சுற்றும்போது திரும்ப ஒட்டிக்கொள்ளும். உறையின் ஒரு ஓரத்தைப் பிளேடால் கீறித் திறந்து, உள்ளேயிருக்கும் வட்டை வெளியே எடுக்க வேண்டும். எடுக்கும் முன்பே லேபிள் பக்கம் எது என்று நடு வளையத்தின் அருகே மார்க்கரால் ஒரு சிறு புள்ளி வைத்துவிடுங்கள். வெளியே வந்தபின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் தேய்க்காமல் வருடி, வெறும் வடிநீரில் இரண்டு முறை அலசி, துணியால் ஒற்றி எடுங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது, ஹேர் டிரையரும் கூடாது. மின்விசிறி ஓடும் அறையில் ஒரு இரவு. காய்ந்தபின், உதவாக்கரை ஃபிளாப்பியின் உறையைத் திறந்து அதற்குள் இதை நுழைத்துப் படிக்கலாம். பழைய உறையையும் லேபிளையும் எறியாதீர்கள். லேபிளில் கையெழுத்தாக இருப்பதும் ஆவணம்தான். இரண்டு பக்கமும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள்.

எல்லா ஃபிளாப்பிக்கும் எழுதுதடுப்புப் பட்டை ஒட்டுங்கள். ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியில் ஓரத்து வெட்டு திறந்திருந்தால் எழுதலாம், மூடினால் எழுத முடியாது. மூன்றரை அங்குலத்துக்கு நேர் எதிர். 1541-இன் உணரி ஒளியால் வேலை செய்வதால் கண்ணாடி செல்லோடேப் ஒட்டினால் பயனில்லை. கறுப்பு இன்சுலேஷன் டேப் நல்லது.

டிரைவைத் தயார் செய்வது

மேல் மூடியைக் கழற்றித் தலையைச் சுத்தம் செய்யுங்கள். ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சி, சுத்தமாக வரும்வரை. தலைக்கு மேலே அழுத்தும் சிறு கம்பளிப் பொட்டு ஒன்று இருக்கும், அதை நனைக்காதீர்கள். அது தேய்ந்து போயிருந்தாலோ கழன்று விழுந்திருந்தாலோ ஃபிளாப்பி தலையோடு ஒட்டாது. உள் டிராக்குகள்தான், அதாவது நடுவை ஒட்டிய டேட்டா வளையங்கள்தான், முதலில் கெடும்.

ஃபிளாப்பி இல்லாமல் ஆன் செய்தால் பச்சை, சிவப்பு இரண்டு விளக்கும் எரிந்து, மோட்டார் சற்று நேரம் சுற்றி, சிவப்பு அணைய வேண்டும். சிவப்பு எரிந்தபடியே மோட்டார் நிற்காமல் ஓடினால் ரோம், ராம், பிராசசர், உள்ளீடு-வெளியீட்டைக் கவனிக்கும் 6522 சிப் இவற்றில் ஒன்று போயிருக்கிறது. சிவப்பு விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தால் டிரைவின் சுயசோதனையிலேயே தோல்வி. இரண்டு நிலையிலும் ஃபிளாப்பியை உள்ளே விடாதீர்கள்.

இணைக்கும் வரிசை: எல்லாம் ஆஃபில் இருக்கும்போது சீரியல் கேபிள், பிறகு டிரைவ் ஆன், கடைசியாக யூஎஸ்பி. டிரைவ் ஓடும்போது சீரியல் கேபிளைப் பிடுங்கி மாட்டினால் 6522 சிப் போய்விடக்கூடும். அதை மாற்ற நல்ல சிப் தேடுவது இப்போது எளிதல்ல.

பிசியில் ஓப்பன்-சிபிஎம் மென்பொருள் வேண்டும். விண்டோஸில் பலகையைக் காணவில்லை என்றால் சாடிக் கருவியால் வின்-யூஎஸ்பி டிரைவரை அந்தப் பலகைக்கு ஏற்றுங்கள். லினக்ஸில் ரூட்டாக ஓடுகிறது, சாதாரணப் பயனராக ஓடவில்லை என்றால் பலகையைத் தொட அனுமதி தரும் யூடெவ் விதி போடப்படவில்லை என்று பொருள். சிபிஎம்-கன்ட்ரோல் நிரலில் 'டிடெக்ட்' கொடுத்தால் 8 என்ற எண்ணில் 1541 இருப்பதாகச் சொல்ல வேண்டும். 'ஸ்டேட்டஸ்' கேட்டால் ஆன் செய்தவுடன் வரும் முதல் பதில் 73, கூடவே டாஸ் பதிப்பு. அது பிழை அல்ல, வணக்கம் சொல்வது மாதிரி. அடுத்த முறை கேட்டால் 00 வரும்.

முதலில் உதவாக்கரை ஃபிளாப்பி ஒன்றைப் படித்துப் பாருங்கள். அதை முழுதாக இருமுறை எடுத்து இரண்டு படிமமும் ஒன்றுபோல் வந்தால்தான் மதிப்புள்ள ஃபிளாப்பி உள்ளே போகலாம். எடுத்தபின் அதன் பரப்பில் புதிய வட்டக் கோடு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விழுந்திருந்தால் தலையில் இன்னும் அழுக்கு இருக்கிறது.

படிமம் எடுப்பது

1541 ஒரு பக்கத்தில் 35 டிராக்குகள் எழுதும். ஒவ்வொரு டிராக்கும் செக்டர் என்ற துண்டுகளாகப் பிரியும்: 1 முதல் 17 வரை டிராக்குக்கு 21 செக்டர், 18 முதல் 24 வரை 19, 25 முதல் 30 வரை 18, 31 முதல் 35 வரை 17. மொத்தம் 683 செக்டர். செக்டருக்கு 256 பைட் வீதம் 1,74,848 பைட். டி64காப்பி என்ற நிரல் இதைத்தான் அப்படியே டி64 கோப்பாக எடுத்துத் தரும். கோப்பின் அளவு சரியாக 1,74,848 என்றால் பிழையில்லாமல் வந்திருக்கிறது. 1,75,531 என்றால், செக்டருக்கு ஒரு பைட் வீதம் 683 பைட் பிழை வரைபடம் கடைசியில் சேர்ந்திருக்கிறது. ஏதோ ஒரு செக்டராவது கெட்டிருக்கிறது.

பிசியில் இருக்கும் சாதாரண ஃபிளாப்பி கன்ட்ரோலரால் ஏன் இதை நேராகப் படிக்க முடியாது என்றால், கமடோர் எழுதுவது ஜிசிஆர் முறை, 4 பிட்டை 5 பிட்டாக மாற்றி எழுதும். பிசி எதிர்பார்ப்பது எம்எஃப்எம் என்ற வேறு முறை. பிசி டிரைவையே வைத்துப் படிக்க விரும்புகிறவர்கள் கிரீஸ்வீசல் பலகையால் காந்தத் துடிப்புகளை அப்படியே பதிந்து பிறகு பிரிக்கலாம். டிரைவ் கெட்டுப்போனவர்களுக்கு அது நல்ல வழி. ஒரு சிக்கல்: அந்தக் காலத்தில் ஓரத்தை வெட்டி இரண்டாம் பக்கத்தையும் திருப்பிப் போட்டு எழுதுவது வழக்கம். சுற்றின் தொடக்கத்தைக் காட்டும் இன்டெக்ஸ் துளையை 1541 பார்ப்பதே இல்லை, அதனால் திருப்பிப் போட்டாலும் படிக்கும். பிசி டிரைவ் அந்தத் துளையைத் தேடும். திருப்பினால் துளை வேறு இடத்துக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் எழுதிய ஃபிளாப்பிக்கு 1541-தான் சுலபம்.

திருப்பிப் போடும்போது ஃபிளாப்பி எதிர்த்திசையில் சுற்றும், உறைத் துணியில் சிக்கிய தூசு கிளம்பி வரும். அதனால் எல்லா ஃபிளாப்பியின் முதல் பக்கத்தையும் முடித்துவிட்டு, தலையைத் துடைத்துவிட்டு, இரண்டாம் பக்கங்களுக்கு வாருங்கள்.

முதல் சுற்றில் மறுமுயற்சி எண்ணிக்கையைக் குறைவாக வையுங்கள், மூன்று போதும். காரணம், படிக்க முடியாத இடத்தில் டிரைவ் தலையைத் தடுப்பில் மோதி முதல் டிராக்கைத் தேடும். கடகடவென்று சத்தம் வரும் அந்த மோதல் தலையின் நேர்கோட்டை, அதாவது டிராக்குக்கு நேராக அது நிற்கும் இடத்தை, மெல்ல மெல்லக் கலைக்கும். கிடைப்பதை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட செக்டர்களைப் பிறகு கவனிக்கலாம். கடகடவுக்குப் பதிலாகக் கீச்சென்று சத்தம் வந்தால் ஒரு நொடியும் காத்திருக்காமல் ஃபிளாப்பியை வெளியே எடுங்கள். பூச்சு உரிந்து தலையில் ஒட்டுகிறது. தலையைத் துடைக்காமல் அடுத்த ஃபிளாப்பியைப் போட்டால் அதையும் சுரண்டிவிடும்.

பிழை எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. 23 என்றால் செக்டர் கிடைத்தது, பிழை சரிபார்க்கும் கூட்டுத்தொகை பொருந்தவில்லை. திரும்பத் திரும்பப் படித்தால் ஒருமுறை சரியாக வர நல்ல வாய்ப்பு உண்டு. 20, 22, 27 இவை செக்டரின் தலைப்பிலோ டேட்டா தொடக்கத்திலோ சேதம். அழுக்கா என்று முதலில் சந்தேகப்படுங்கள். 21 என்றால் செக்டர் தொடங்கும் இடத்தைக் காட்டும் ஒத்திசைவுக் குறியே தென்படவில்லை. ஒரு டிராக்கில் மட்டும் 21 என்றால் கீறல். முதல் டிராக்கிலிருந்து எல்லாமே 21 என்றால் ஃபார்மட் செய்யாத பக்கம், அல்லது வேறு கணினியில் எழுதியது. 29 என்றால் செக்டரின் அடையாள எழுத்துகள் பொருந்தவில்லை; ஒருமுறை ஃபார்மட் செய்ததன்மேல் இன்னொரு ஃபார்மட் பாதியில் நின்றிருக்கலாம். 74 என்றால் கதவு சரியாக மூடவில்லை.

பிழைகள் 30-க்கு மேற்பட்ட உள் டிராக்குகளில் மட்டும் குவிந்தால் கம்பளிப் பொட்டையும் வேகத்தையும் பாருங்கள். டிரைவ் நிமிடத்துக்கு 300 சுற்று ஓட வேண்டும். எல்லா டிராக்கிலும் சிதறலாக இருந்து, வேறு ஃபிளாப்பிகள் நன்றாக வந்தால், எழுதிய டிரைவின் நேர்கோடு தவறியிருந்திருக்கிறது. அப்படி எழுதிய ஃபிளாப்பி அதே டிரைவில்தான் நன்றாகப் படிக்கும். ஆகவே பெட்டியோடு வந்த டிரைவை, அழுக்காக இருக்கிறதென்று ஒதுக்கிவிடாமல், பழுது பார்த்துப் பயன்படுத்துங்கள். அது கிடைக்காவிட்டால், உபரி டிரைவ் ஒன்றில் தலையை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் திருகுகளைத் தளர்த்தி மயிரிழை திருப்பிப் படித்துப் பார்க்கலாம். திருப்பும் முன் பழைய இடத்தை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். நல்ல டிரைவில் இதைச் செய்யாதீர்கள்.

ஒரே ஃபிளாப்பியை இரண்டு மூன்று முறை, முடிந்தால் இரண்டு டிரைவில் எடுத்தால், ஒன்றில் கெட்ட செக்டர் இன்னொன்றில் சரியாக வந்திருக்கும். பிழை வரைபடத்தில் 1 என்றால் சரி. 2, 3, 4, 5 முறையே 20, 21, 22, 23 பிழைகள். 683 செக்டரில் ஒவ்வொன்றுக்கும் வரைபடம் 1 என்று சொல்லும் படிமத்திலிருந்து அந்த 256 பைட்டை எடுத்துச் சேர்க்கும் சிறு பைத்தான் நிரல் எழுதிக்கொள்ளலாம். சேர்த்த படிமத்தைத் தனிக் கோப்பாக வையுங்கள்; மூலங்களைத் தொடாதீர்கள். இரண்டு படிமத்திலும் 1 என்று இருந்தும் பைட்டுகள் வேறுபட்டால், அது பெரும்பாலும் கேபிளிலோ பலகையிலோ கோளாறு. வேகமான பரிமாற்ற முறையை விட்டு 'ஒரிஜினல்' முறைக்கு மாறுங்கள். மெதுவாகத்தான் போகும், ஆனால் நம்பலாம்.

ஃபிளாப்பியை "சரிசெய்கிறேன்" என்று டிரைவின் வேலிடேட் கட்டளையைக் கொடுத்துவிடாதீர்கள். அது வட்டில் எழுதும், முடிக்கப்படாத கோப்புகளை நீக்கும். முழுப் படிமம் எடுப்பதற்கு இன்னொரு நியாயமும் இங்கேதான் இருக்கிறது: கமடோரில் கோப்பை அழித்தால் பட்டியலில் வகைக் குறி 0 ஆகிறது, அவ்வளவே. அதன் செக்டர்கள் மேலே வேறொன்று எழுதப்படும்வரை அப்படியே இருக்கும். கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் அவை வரா, படிமத்தில் வரும். மீட்கவும் முடியும். இதே காரணத்தால், அங்கத்தினர்களின் அடையாள எண்ணும் முகவரியும் உள்ள படிமத்தை யாருக்கும் அப்படியே அனுப்பக் கூடாது. உரிமையாளரே அழித்துவிட்டதாக நினைப்பதும் அதில் இருக்கும். 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கோயில் கமிட்டிக்கும் பொருந்தும்.

ஒவ்வொரு படிமத்துக்கும் ஷா-256 எண் (கோப்பில் ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறி) எடுத்து, லேபிள் ஃபோட்டோவோடு ஒரே ஃபோல்டரில் போடுங்கள். நூறு ஃபிளாப்பிப் பக்கங்கள் சேர்ந்தாலும் ஏறத்தாழ 17 எம்பிதான். மூன்று இடத்தில் வைக்க யோசிக்கத் தேவையில்லை.

கேசட்டாக இருந்தால் சுருக்கமாக: நல்ல டெக்கில் டால்பி ஆஃப் செய்து, மோனோ, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 வேண்டாம், துடிப்பின் நீளம்தான் டேட்டா, சுருக்கினால் அது கெடும். ஆடியோடேப் நிரலால் டேப் கோப்பாக்கும்போது கடிகாரம் பால் (PAL) என்று கொடுங்கள், அதாவது 9,85,248 ஹெர்ட்ஸ். ஒலி மந்தமாக இருந்தால் தலையின் சாய்வுத் திருகைச் சிறிது திருப்பி, உச்ச ஒலி கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். சாதாரண முறையில் சேமித்த கோப்பு கேசட்டில் இருமுறை எழுதப்பட்டிருக்கும் என்பதால் ஒன்று கெட்டாலும் மற்றது கைகொடுக்கும்.

படிமத்திலிருந்து எழுத்துக்கு

கமடோர் 64 போலவே பிசியில் நடந்துகொள்ளும் வைஸ் எமுலேட்டரில் படிமத்தின் நகலை ஏற்றிப் பார்க்கலாம். கோப்புகளைத் தனியே எடுக்க அதனுடன் வரும் சி1541 நிரல் உண்டு. பேசிக் நிரல்களைப் படிக்கும் எழுத்தாக்க பெட்கேட். பெயர்ப் பட்டியல்கள் பல நேரம் பேசிக் நிரலின் டேட்டா வரிகளுக்குள்ளேயே இருக்கும், அதனால் நிரல்கள்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரே நீளப் பதிவுகளாலான ரிலேட்டிவ் வகைக் கோப்பை எடுக்கும்போது ஆர்00 வடிவில் எடுங்கள். பதிவின் நீளம் அதன் 26 பைட் தலைப்பில் காக்கப்படும். அந்த நீளம் தொலைந்தால் பெயர் எங்கே முடிகிறது, காலனி எண் எங்கே தொடங்குகிறது என்று ஊகிக்க வேண்டியதாகிவிடும்.

உரைக் கோப்பை பிசியில் அப்படியே திறந்தால் சிறிய எழுத்துகள் பெரியவையாகத் தெரியும், பெரிய எழுத்துகளின் இடத்தில் வேறு குறிகள் நிற்கும். கமடோரின் எழுத்துக்குறி முறையான பெட்ஸ்கியில், இரு அளவு எழுத்தும் தெரியும் நிலையில், 65 என்பது சிறிய ஏ. பெரிய ஏ 193. வரி முடிவு 13 மட்டும். பெட்கேட்டின் உரை மாற்றம் இதைப் பார்த்துக்கொள்ளும். சில சொற்செயலிகள் பெட்ஸ்கிக்குப் பதில் திரைக்குறிகளையே, அதாவது திரை நினைவகத்தில் எழுத்துகளுக்கு உள்ள எண்களையே, சேமிக்கும். அதில் ஏ 1, பி 2. எழுத்துகளே இல்லாமல் 1 முதல் 26 வரை பைட்டுகள் நிறைந்திருந்தால் அது திரைக்குறி.

தமிழ் எழுத்திலேயே தட்டியிருந்தால் வேலை வேறு. கமடோர் 64-இல் தமிழ் கிடையாது. 256 எழுத்துருவங்களை நாமே 8-க்கு 8 புள்ளியில் வரைந்து ஏற்றலாம். அந்த உருவக் கோப்பு இல்லாமல் உரை வெறும் குப்பையாகத் தெரியும். ஃபிளாப்பிப் பட்டியலில் 9 பிளாக் அளவுள்ள நிரல் கோப்பைத் தேடுங்கள்: 2,048 பைட் உருவங்களும் 2 பைட் ஏற்று முகவரியும் சேர்ந்து 2,050, பிளாக்குக்கு 254 பைட் வீதம் 9 பிளாக். முகவரி 12288 அல்லது 14336 என்றிருந்தால் பெரும்பாலும் எழுத்துருதான். திரைக்குறி 1-இன் உருவம் கோப்பின் தொடக்கத்திலிருந்து 10 பைட் தள்ளித் தொடங்கும். ஒவ்வொரு குறிக்கும் 8 பைட். எல்லாவற்றையும் படமாக அச்சிட்டு, எது எந்த எழுத்து என்று அட்டவணை போடுங்கள். ண, ணை போன்ற அகல எழுத்துகள் இரண்டு கட்டத்தைப் பிடித்திருக்கும்.

யூனிகோடாக மாற்றும்போது வரிசை மாறும். திரையில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு மூன்றும் மெய்க்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் பின்னால் வர வேண்டும். கொம்பு, க, கால் என்ற மூன்று கட்டம் சேர்ந்து 'கொ' ஆக வேண்டும். ஔகார வரிசைதான் உண்மையான பொறி: கொம்பு, மெய், ள என்ற அதே மூன்று கட்டம் 'கௌரி'யிலும் வரும், 'வெள்ளி'யின் தொடக்கத்திலும் கிட்டத்தட்ட வரும். கண்ணை மூடிக்கொண்டு விதி போட்டால் வெள்ளிக்கிழமைப் பூசை முழுக்கக் கெட்டுவிடும். ள-வுக்குத் தனிப் புள்ளியோ கொக்கியோ இருந்தால் அது ள வரிசை எழுத்து, ஔகாரக் குறி அல்ல. புள்ளி இல்லாத ள வரும் இடங்களை நிரலை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். 'கெளரி' என்றும் 'கௌரி' என்றும் ஒரே பட்டியலில் கலந்து வந்தால் பெயர் தேடும்போது பாதி ஆட்கள் காணாமல் போவார்கள்.

முடித்த அட்டவணையையும் அந்த 9 பிளாக் எழுத்துருக் கோப்பையும் படிமத்தோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். அதே எழுத்துருவை நகலெடுத்துப் பயன்படுத்திய இன்னொரு வீட்டின் ஃபிளாப்பி வந்தால், படமாக அச்சிட்டு அடையாளம் காணும் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்காது.